காருக்கு 95 பெட்ரோல் போதுமா, 98 தான் போட வேண்டுமா?

1.6 லிட்டர் ஜப்பான் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன், 98 போட்டால் எஞ்சின் கூடுதல் காலம் உழைக்குமா, மைலேஜ் ஏறுமா, சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போனால் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

95 போதும். ஆனால் என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. பெட்ரோல் ஊற்றும் இடத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். குறைந்தபட்சம் எந்த எண் வேண்டும் என்று அங்கே ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும்.

நானும் முதல் கார் வாங்கியபோது ஆறு மாதம் 98 தான் போட்டேன். கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு, லிட்டருக்கு ஐம்பது காசு பார்ப்பதா என்ற எண்ணம்தான். ஒருநாள் ஈசூனில் பெட்ரோல் ஊற்றும் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தவர், குழாயை எடுக்காமல் அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இதுல 95ன்னு போட்டிருக்கே, எதுக்குக் காசைக் கொட்டுறீங்க?" விலை கூடியதை விற்க வேண்டியவரே இப்படிக் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செம்பவாங்கிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போய்வரும் அதே பாதையில், மூன்று டேங்க் 98, மூன்று டேங்க் 95 என்று போட்டு நோட்டில் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். கொஞ்சம் முன்னே பின்னே வந்ததும் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலால் வந்ததே தவிர, பெட்ரோலால் அல்ல.

ஏன் அப்படி? 98 என்பது தரத்துக்கான மதிப்பெண் இல்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும்போது, தீப்பொறி வந்து முறையாகப் பற்றவைக்கும் முன்போ பின்போ, சூட்டிலும் அழுத்தத்திலும் கலவை தானாகவே வெடித்துவிடக் கூடாது. அதை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஆக்டேன் எண்தான் இது. 98-இல் கூடுதல் சக்தி ஒளிந்திருக்கவில்லை. அழுத்தம் குறைவான எஞ்சினில், அந்தத் தாங்கும் திறனுக்கு வேலையே இல்லை.

என் மச்சானுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த ஐரோப்பியக் கார், கதவில் குறைந்தபட்சம் 95, பரிந்துரை 98 என்று இருந்தது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 92 போட்டார். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஃபேபர் மலை ஏறும்போது, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். இதைத்தான் நாக்கிங் என்பார்கள். இன்றைய கார்களில் அதைக் கேட்கும் சென்சார் உண்டு. அது சொன்னதும் கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்கிவிடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். பம்பில் மிச்சம் பிடித்த காசு சாலையில் போய்விடும். அப்படிப்பட்ட காருக்கு 98 போட்டால் பலன் உண்டு, மறுக்க மாட்டேன்.

விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி வரி என்பதும் பலருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் 98-க்கான தீர்வை லிட்டருக்கு 79 காசாகவும், 92, 95-க்கு 66 காசாகவும் ஏற்றினார்கள். ஆக 13 காசு எஞ்சின் பக்கமே போவதில்லை.

"98 எஞ்சினைச் சுத்தம் செய்யும்" என்பார்கள். சுத்தம் செய்வது ஆக்டேன் அல்ல, அதில் கலக்கும் சேர்க்கைப் பொருள்கள். பெரிய நிறுவனங்களின் 95-இலும் அவை உண்டு. விலை உயர்ந்த ரகத்தில் கூடுதலாக இருக்கலாம், சரி. ஆனால் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில், காற்று நுழையும் வால்வுகளைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோலும் கழுவாது. உங்கள் கார் பழையது என்பதால், அந்த ஐம்பது காசைச் சேர்த்து வைத்து எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

யூடியூபில் அமெரிக்கர்கள் 87 போடு, 91 தான் பிரீமியம் என்று பேசுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அவர்கள் கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 91 ஏறக்குறைய நம்முடைய 95.

ஜொகூர் விஷயம். அங்கே 95 மானிய விலைப் பெட்ரோல், சிங்கப்பூர் நம்பர் பிளேட்டுக்கு ஊற்றக் கூடாது. 97 தான் போட வேண்டும், உங்கள் காருக்கு அது தாராளம். போகும்போது முக்கால் டேங்க் இருக்கிறதா என்று உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம். அந்த முக்கால் டேங்கை நிரப்பவும் 95 போதும்.