ஆம்புட்ஸ்மேன்: இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது?

வங்கி அறிவிப்புப் பலகையில், புகார்களை விசாரிப்பவரின் பதவிப் பெயராகப் பார்க்கும் இந்தச் சொல் ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்தது. மூலம், ஸ்காண்டிநேவிய நாடுகளில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'உம்போத்ஸ்மாத்ர்'. 'உம்போத்' என்றால் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். 'மாத்ர்' என்றால் ஆள். கிட்டத்தட்ட நம் காரியஸ்தர் மாதிரிதான். புகாருக்கும் இதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை. ஸ்வீடனில் தொழிற்சங்கப் பிரதிநிதியைக்கூட இப்படி அழைப்பார்கள்.

அப்புறம் புகார் எப்படி நுழைந்தது? போரில் தோற்று ஒட்டோமன் (துருக்கிப் பேரரசு) மண்ணில் தங்கியிருந்த ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், ஊரில் அதிகாரிகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்க்க 1713இல் ஓர் ஆம்புட்ஸ்மேன் பதவியை உருவாக்கினார். அவர் ராஜாவின் ஆள். 1809 அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்கென்றே தனி ஆம்புட்ஸ்மேனைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹெய்ம் அந்தப் பதவிக்கு முதல் ஆளாகத் தேர்வானார். மக்கள் புகார் கொடுப்பது இந்த நாடாளுமன்ற ஆம்புட்ஸ்மேனிடம்தான். தமிழில் 'குறைதீர்ப்பாளர்' என்கிறோம்; மூலச் சொல்லைவிடத் தெளிவு!