ஏழு உருவங்களும் எங்கிருந்து வரவேண்டும்?

கேள்வி: மேசையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக, 28 மில்லிமீட்டர் அளவில் 1809-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படையைப் பெயின்ட் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு உருவம் 20 வீரர்களுக்குச் சமம். முன்னால் சிதறி நின்று சுடும் ஸ்கர்மிஷர்களைத் தனி யூனிட்டாக வைத்தால், ஒன்று அவர்களே எதிரியை முடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் முதல் சுற்றிலேயே காலி. எப்படித்தான் காட்டுவது?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அவர்களைத் தாய்ப் பட்டாலியனிலிருந்து பிரித்துவிட்டீர்கள். நெப்போலியனின் 1808 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள், கம்பெனிக்கு ஏட்டுக் கணக்கில் 140 பேர், அதில் ஒரு கம்பெனி வோல்டிஷர்கள், அதாவது ஸ்கர்மிஷர் வேலை பார்ப்பவர்கள். உங்கள் கணக்கில் அவர்களுக்கு ஏழு உருவங்கள் வரும், பட்டாலியன் முழுவதற்கும் 42. அந்த ஏழையும் புதிதாகச் சேர்க்காதீர்கள், அந்த 42-லிருந்து எடுங்கள். அவர்கள் முன்னே போனால் பின்னால் வரிசை 35 ஆகச் சுருங்கட்டும், அந்த இழப்பு ஆடுபவருக்கு உறைக்க வேண்டும்.

அப்புறம், ஏழு பேரையும் ஒரே கோட்டில் பரப்பிவிட வேண்டாம். நான்கு பேரை இரண்டு பேஸ்களில் (உருவங்களை ஒட்டும் அடித்தட்டுகளில்) ஜோடியாக ஒட்டுங்கள், ஒருவன் குறிபார்க்க மற்றவன் மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கட்டும். நிஜத்திலும் ஜோடியாகத்தான் வேலை செய்தார்கள், இருவரில் ஒருவர் துப்பாக்கியாவது எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காக. மீதி மூன்று பேர் பின்னால் நெருக்கமாக, ஆதரவுப் படையாக நிற்கட்டும். இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

சுடும் விதிக்கு 1806 அக்டோபர் 14-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். யேனா போரில் ஃபியர்ட்சேன்ஹைலிகன் கிராமத்துக்கு எதிரே ஜெனரல் கிராவெர்ட்டின் பிரஷ்ய வரிசைகள் திறந்த வெளியில் நெடுநேரம் நின்றன, தோட்டங்களிலும் சுவர்களுக்குப் பின்னாலும் பதுங்கியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுட்டுச் சாய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே வேட்டில் யாரும் அழியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அரித்தார்கள். ஆகவே ஸ்கர்மிஷர் சுட்டால் உடனே உருவத்தை எடுக்காமல் ஒரு குலைவுக் குறி வையுங்கள், மூன்று குறி சேர்ந்தால் ஒரு உருவம் போகட்டும். குறி இருக்கும் வரை அந்த யூனிட் பகடையில் ஒன்று குறைத்து எறிய வேண்டும். நெருங்கி வரும் வரிசையையோ, திறந்த வெளியில் குதிரைப்படையையோ அவர்கள் தடுத்து நிறுத்தக் கூடாது, ஓடித் தாய்ப் பட்டாலியனுக்குள் புகுந்துகொள்ள வேண்டும். நான் 30 சென்டிமீட்டருக்கு மேல் விலக விடுவதில்லை.

எதிரி பிரிட்டிஷ் என்றால் அவர்கள் பட்டாலியனில் பத்துக்கு ஒரு கம்பெனிதான் லைட், அதாவது ஸ்கர்மிஷர் கம்பெனி. அதை ஈடுகட்ட அவர்கள் தளபதி வெலிங்டன் 60-ஆவது ரெஜிமென்ட்டின் ரைஃபிள் கம்பெனிகளைப் பிரிகேடுகளுக்கு (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவுகளுக்கு) பகிர்ந்து கொடுத்தார். பிரிகேடுக்கு அந்த ரைஃபிள்காரர்களின் ஒரு பச்சைச் சட்டை பேஸ் கொடுங்கள், அவர்களுடைய பேக்கர் ரைஃபிளுக்குத் தூரம் அதிகம், ஆனால் குண்டு ஏற்ற நேரமாகும், அதனால் பகடை ஒன்று குறைவு.

சரி, பெயின்ட் விஷயம். வோல்டிஷர்களுக்கு மஞ்சள் காலரை மறக்காமல் அடியுங்கள். வரிசைக்குத் திரும்பி வந்து நிற்கும்போதும் அந்த ஏழு பேர் யார் என்று தெரியும்.