எஞ்சின் கேள்வி – பதில்: எஞ்சினைப் பிரிக்க முதல் சிலிக்கனைப் பாருங்கோ

கேள்வி: எங்களிட்ட ஒரு மாஸி பெர்கியூசன் 240 ரக்ரர் நிற்குது. புகை இல்லை, ஸ்ராட் எடுக்கவும் குறையில்லை. கொழும்பில இருக்கிற மச்சான் சொன்னதால, ஒயில் மாத்தேக்க கொஞ்சத்தைப் போத்தலில பிடிச்சு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். பிபிஎம் கணக்கில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) இரும்பு 110, அலுமினியம் 15, குரோமியம் 7, சிலிக்கன் 46, செம்பு 8, ஈயம் 5 என்று அறிக்கை வந்தது. மெக்கானிக் பார்த்திட்டு, லைனரும் (பிஸ்ரன் ஓடுற உருளையின் உள் உறை) பிஸ்ரன் செற்றும் மாத்தச் சொல்லுறார். மாத்தவோ?
— ஒரு வாசகர், கொடிகாமம்

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதேங்கோ. மெக்கானிக் இரும்பைப் பார்த்திருக்கிறார், நான் சிலிக்கனைப் பார்க்கிறேன். சிலிக்கன் என்றால் பெரும்பாலும் மண். எயார் கிளீனரைத் தாண்டிப் போன புழுதி லைனரை உரசினால் இரும்பும், பிஸ்ரனைச் சுத்தியிருக்கிற றிங்கை உரசினால் குரோமியமும் ஒயிலில் ஏறும். அலுமினியம் பிஸ்ரனிலிருந்தும் வரும், மண்ணோடும் வரும். செம்பும் ஈயமும் குறைவு என்றபடியால் பெயாரிங்குகளில் பயமில்லை. இப்ப புது லைனர் போட்டாலும், புழுதி வாற வழியை அடைக்காவிட்டால் அதுவும் தேயும்.

ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முந்திப் புழுதி உழவு உழுதிருப்பீங்கள். உங்கட ரக்ரரில் ஒயில் கிண்ணம் வைச்ச எயார் கிளீனர் என்றால், உழவு நாளில் அந்தக் கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் கழற்றிப் பார்க்கவேணும். அடியில் சேறு படிஞ்சிருந்தால் கழுவிப் புது ஒயில் விடுங்கோ, கோட்டுக்கு மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். பிறகு கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போற றப்பர் ஹோஸைக் கழற்றி, உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கோ. துணியில் மண் பட்டால் கள்ளன் அங்கேதான். ஹோஸின் அடிப்பக்க வெடிப்பும் தளர்ந்த கிளிப்பும் மேலே நின்று பார்த்தால் தெரியாது. (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றிச் சிலிக்கன் பசை பூசிப் பூட்டினாலும் சிலிக்கன் கூடும். ஆனால் அப்போது இரும்பும் குரோமியமும் கூடவே ஏறாது.)

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அந்த ஒயில் எத்தனை மணித்தியாலம் ஓடினது? 100 மணித்தியாலத்தில் இரும்பு 110 என்றால் எனக்கும் யோசனைதான். 300 மணித்தியாலத்தில் என்றால் அவ்வளவு இல்லை. இடையில் ஒயில் விட்டு நிரப்பியிருந்தால் எல்லா எண்ணும் குறைஞ்சு காட்டும். ஒரு அறிக்கையை வைச்சு எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. புழுதியை அடைத்து, அதே ரக ஒயிலைப் புதுசாய் விட்டு, 100 மணித்தியாலம் ஓடினபிறகு திரும்ப அனுப்புங்கோ. எஞ்சின் சூடாயிருக்கேக்க வடிகால் ஆணியைக் கழற்றி, முதல் வாறதை விட்டிட்டு நடுவில் வாறதைக் காய்ஞ்ச, சுத்தமான போத்தலில் பிடிக்கவேணும். 1940களில் அமெரிக்க றெயில்வேக்காரர் டீசல் எஞ்சின்களுக்கு இந்தப் பரிசோதனையைத் தொடங்கினதே, பிரிக்காமல் உள்ளே நடக்கிறதை அறியத்தான்.

கேள்வி: போட் எஞ்சின் ஒயிலை அனுப்பிப் பார்க்க எனக்கு வசதியில்லை. வேறு வழி உண்டோ?
— கடற்றொழிலாளர், மயிலிட்டி

பதில்: கொஞ்சம் உண்டு. சூடான தகட்டில் ஒரு துளி ஒயில் விடுங்கோ, சடசடவென்று பொரிஞ்சால் தண்ணி கலந்திருக்கு. வடிதாளில் ஒரு துளி விட்டு ஒரு இரவு வையுங்கோ. கரி நடுவில் கூரான விளிம்போடு கட்டிநின்றால் அந்த ஒயில் முடிஞ்சுது, மாத்துங்கோ. எரிபொருள் கலந்தால் ஒயில் தடிப்புக் குறைஞ்சு தண்ணிமாதிரி ஓடும். மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டின 90களில் அதை நாங்கள் விரலால் உரசியே அறிஞ்சோம்.

எல்லாத்தையும் விட, பழைய ஒயில் பில்ரரை வெட்டிப் பாருங்கோ. ஆய்வுகூட இயந்திரம் மிக நுண்ணிய துகளைத்தான் எண்ணும், பெரிய சீவல் அதன் கணக்கில் வராது. பில்ரர் தாளை விரித்துக் காந்தத்தால் தடவினால் இரும்பு ஒட்டும். ஒட்டாமல் மினுங்கிற செம்பு நிறத் துகளோ சாம்பல் நிறச் செதிலோ இருந்தால் பெயாரிங் போகுது. அதைக் கண்டபிறகு அந்தப் போட்டைக் கடலுக்கு எடுக்கவேண்டாம்.