ஆன்டிபாடி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்: கேள்வி-பதில்
(ஆன்டிபாடி: குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம். ஆய்வகத்தில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வாங்குவார்கள்.)

செல்லின் மேல்பரப்பில் இருக்கும் சி.டி.44 புரதத்துக்கு முயலில் எடுத்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கினேன். வெஸ்டர்னில் (செல்லை உடைத்து எடுத்த புரதத்தைப் பட்டையாகப் பார்க்கும் சோதனை) பட்டை பளிச்சென்று விழுகிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் சோதனை) உயிருள்ள செல்களோடு கலந்தால் ஒன்றுமே தெரியவில்லை. போலிச் சரக்கா?
ஆராய்ச்சி மாணவி, எலஹங்கா

போலி இல்லை அம்மா, வேறு வேலைக்கான சரக்கு. டேட்டாஷீட்டில் 'இம்யூனோஜென்' (ஆன்டிபாடி உண்டாக விலங்குக்குச் செலுத்திய பொருள்) என்ற வரியைப் பாருங்கள். புரதத்தின் சி-முனையில் (புரதச் சங்கிலியின் கடைசி முனை) உள்ள ஒரு துண்டு என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. சி.டி.44-இன் சி-முனை செல்லுக்கு உள்ளே இருக்கிறது. சவ்வு முழுசாக இருக்கும் செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது. வெஸ்டர்னில் செல்லை உடைத்து, புரதத்தையும் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போட்டு நீட்டிவிடுகிறோம், அதனால் பிடிக்கிறது. வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஐ.எம்.7 போன்ற குளோன் (ஒரே செல் வம்சத்திலிருந்து வரும் ஆன்டிபாடி) வாங்குங்கள். இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம், வெஸ்டர்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஈ. என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியைத் தெரியாமல் மைனஸ் 20-இல் வைத்துவிட்டேன். உருக்கிப் பயன்படுத்தலாமா?
லேப் டெக்னீஷியன், மைசூரு ரோடு

போச்சு. பி.ஈ.யே ஒரு புரதம், உறைந்தால் கெடும். குப்பியின் லேபிளில் 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருந்திருக்குமே?

ஏ.பி.சி. என்ற சாயம் ஒட்டியது தள்ளுபடியில் கிடைத்தது என்று 2 குப்பி வாங்கினோம். எங்கள் ஃப்ளோ மெஷினில் 488 நானோமீட்டர் நீல லேசர் மட்டும்தான். சிக்னல் வரவில்லை.
ஆராய்ச்சி மாணவர், ஹெப்பாள்

வராது. ஏ.பி.சி.க்கு 640 பக்கமுள்ள சிவப்பு லேசர் வேண்டும். உங்கள் மெஷினுக்கு எஃப்.ஐ.டி.சி. அல்லது பி.ஈ. சாயம் ஒட்டியதுதான் பொருந்தும். லேசர் பட்டியலைப் பார்க்காமல் தள்ளுபடியைப் பார்த்து வாங்கிய குப்பி என் ஃப்ரிட்ஜிலும் ஒன்று கிடக்கிறது.

எங்கள் இன்டென்டில் (கொள்முதல் கோரிக்கையில்) 'சி.டி.4 ஆன்டிபாடி, 1 குப்பி' என்று எழுதியிருந்தோம். எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) ஆக வந்தவர் ஜி.கே.1.5 குளோனைக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு மனித ரத்தத்தில் பார்க்க வேண்டும். திருப்பி எடுக்க மறுக்கிறார்.
அரசுக் கல்லூரிப் பேராசிரியர்

ஜி.கே.1.5 சுண்டெலியின் சி.டி.4 புரதத்தைப் பிடிக்கும், மனிதருடையதைப் பிடிக்காது. ஆனால் டீலர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

எனக்கு நெடுநாள் எரிச்சல் இதில்தான். மைக்ரோஸ்கோப் வாங்கும்போது 2 பக்கம் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறவர்கள் ஆன்டிபாடிக்கு அரை வரி எழுதுகிறார்கள். அதையும் 'அல்லது அதற்கு இணையானது' என்று முடிக்கிறார்கள். எதற்கு இணை? ஒரே புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் 2 குளோன்கள் எப்படி இணையாகும்? 1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் ஹைப்ரிடோமாவைக் (ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும் புற்றுசெல்லையும் இணைத்த செல்) காட்டியதன் பயனே, ஒரே செல் வம்சத்திலிருந்து ஒரே ஆன்டிபாடி திரும்பத் திரும்பக் கிடைக்கும் என்பதுதான். அந்த ஆன்டிபாடிதான் மோனோகுளோனல், அந்த வம்சத்தின் பெயர்தான் குளோன். அதை எழுதாமல் விட்டால் என்ன வரும் என்பது விற்பவர் கையில்.

குளோன் பெயர் போட்டால் ஒரே கம்பெனிக்குச் சாதகம் என்று ஆடிட்டில் கேள்வி வரும் என்று பயப்படுகிறார்கள். ஆர்.பி.ஏ.-டி4 போன்ற பிரபல குளோன்களைப் பல கம்பெனிகள் விற்கின்றன. போட்டி அப்படியே இருக்கும். அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: மனித சி.டி.4-க்கு எதிரான மோனோகுளோனல், குளோன் ஆர்.பி.ஏ.-டி4, பி.ஈ. ஒட்டியது, ஃப்ளோவுக்கு உற்பத்தியாளர் பரிசோதித்தது, 100 டெஸ்ட், வந்து சேரும் நாளில் குறைந்தது 6 மாத ஆயுள். எல்-1 யாராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்தாக வேண்டும்.

கஸ்டம்ஸில் 3 நாள் கிடந்து வந்த ஆன்டிபாடிப் பெட்டியில் ஐஸ் பேக் முழுக்கத் தண்ணீர். டீலர் 'ஒன்றும் ஆகாது, பயன்படுத்துங்கள்' என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
சிறு நிறுவனம், எலெக்ட்ரானிக் சிட்டி

உங்கள் கோபம் நியாயம். காசு வாங்கும்போது இருக்கும் அக்கறை டெலிவரியில் காணாமல் போகிறது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். உங்களுக்குக் காவல் பர்ச்சேஸ் ஆர்டர்தான். குளிர் குலைந்து வந்தால் மாற்றித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறதா பாருங்கள். பெட்டி, ஐஸ் பேக், லாட் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் படமெடுத்து இன்றே மெயில் அனுப்புங்கள். நிறம் ஒட்டாத ஐ.ஜி.ஜி. (வழக்கமான ஆன்டிபாடி வகை) சில நாள் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும்; பி.ஈ.-சை7 போன்ற இரட்டைச் சாயங்களை நம்ப முடியாது. ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய புரதம் இருக்கும் செல், இல்லாத செல் இரண்டிலும் பழைய லாட்டோடு சேர்த்து ஓட்டுங்கள். அந்த வரைபடத்தைக் காட்டினால் டீலர் வாயடைப்பார்.

வளர்ப்புத் தட்டிலிருந்து டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) போட்டு எடுத்த செல்களில் சிக்னல் பாதிதான். ஆன்டிபாடி மட்டமா?

மேல்பரப்புப் புரதத்தை டிரிப்சினால் வெட்டிவிட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். புரதத்தை வெட்டாத ஈ.டி.டி.ஏ.வை 2 மில்லிமோலார் அளவில் போட்டு எடுத்துப் பாருங்கள்.

டெஸ்டுக்கு 5 மைக்ரோலிட்டர் என்கிறது லேபிள். குறைத்தால் காசு மிச்சமாகுமா?
ஆராய்ச்சி உதவியாளர், ஜாலஹள்ளி

பெரும்பாலும் ஆகும், சிக்னலும் சுத்தமாகும். 10 லட்சம் செல், 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரி, இருட்டில் 30 நிமிடம். எதையும் மாற்றாமல் ஆன்டிபாடியை மட்டும் 5, 2.5, 1.25, 0.6, 0.3 என்று பாதி பாதியாகக் குறையுங்கள். செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும், அதனால் 7-ஏ.ஏ.டி. (செத்த செல்லுக்குள் புகும் சாயம்) போட்டு அவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். பாசிட்டிவ் கூட்டமும் நெகட்டிவ் கூட்டமும் எந்த அளவில் நன்றாகப் பிரிகின்றனவோ அதைக் குப்பியின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். புது லாட் வந்தால் மறுபடி முதலிலிருந்து.