தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றுகிறதா, சமூகம் தொழில்நுட்பத்தை மாற்றுகிறதா? வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

இரண்டும் நடக்கிறது என்று ஒரு வரியில் தப்பித்துவிடலாம். உதாரணம் கேட்டிருப்பதால், நீங்கள் இப்போது படிக்கும் எழுத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். மெய்க்கும், எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியும் பயனில்லை. துணைக்காலும் (ா) ரகரமும்கூட ஒரே மாதிரி இருக்கும். இடம் பார்த்து ஊகித்துப் படிக்க வேண்டும். அதற்கு, பாடம் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும். படிப்பு சிலர் கையிலேயே தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். (சாதியை விட்டுவிட்டு ஓலையை மட்டும் குற்றம் சொல்லவில்லை.)

சரி, அச்சு வந்ததும் எல்லாம் மாறியதா? இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்தினார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். புள்ளி இல்லாததால் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று வந்த குழப்பத்தை வீரமாமுனிவர் தீர்த்துவைத்தார். ஆனாலும் 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அச்சுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர்கள் பரவலாக அச்சகம் வைத்தார்கள். ஆறுமுக நாவலர், தாமோதரம் பிள்ளை, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. எல்லாரும் அதற்கு அப்புறம் வந்தவர்கள்தான். இயந்திரம் கரையேறி இரண்டரை நூற்றாண்டு கழித்து!

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் இன்றுபோல் பிரியாமல் ஒரே எழுத்தாய் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அச்செழுத்து வார்க்க வேண்டும், அச்சுக் கோப்பவரும் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். பத்திரிகை நடத்திய பெரியாருக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். 1935இல் 'குடி அரசு' இதழில் அவற்றை மாற்றியே அச்சிட்டார். அரசாணை வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். தேவையைக் காட்டியது அச்சுக்கூடம். அதை ஊர் ஏற்க 43 ஆண்டும் ஓர் ஆட்சியின் முடிவும் வேண்டியிருந்தது. என் அம்மா இன்றும் மளிகைச் சீட்டில் தும்பிக்கை வைத்த பழைய லைதான் எழுதுகிறார்.

இகர, உகர வரிசைகளையும் எளிதாக்கலாம் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி பிறகு வாதாடினார். எடுபடவில்லை. அதற்குள் கணினி வந்திருந்தது. கு, சு, டு எந்த வடிவத்தில் இருந்தாலும் எழுத்துரு பார்த்துக்கொள்ளும். அச்சுக் கோப்பவரின் சிரமமே இல்லாதபோது எதற்காக மாற்றுவது என்று கேட்டவர்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருந்தும், என்னைச் சுற்றியுள்ள பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழ் எழுதுகிறார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் என்றாலே ஆங்கில விசைப்பலகைதான் சொல்லிக்கொடுத்தார்கள், கை அதற்கே பழகிவிட்டது.