அட்வெஞ்சர் என்று போட்டிருந்தது, உள்ளே ஒரே துப்பாக்கிச் சண்டை: எதைப் பார்த்து வாங்குவது?

வாசகர் கேள்வி: என் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். பொழுது போகட்டும் என்று ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையில் ‘அட்வெஞ்சர்’ என்று போட்டிருந்த ஒரு பிரபலமான கேமை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்துக்குள் தொங்கு, தாவு, சுடு என்று ஆரம்பித்துவிட்டது. விரல் ஒத்துழைக்கவில்லை, எழுந்து போய்விட்டார். அட்வெஞ்சர் கேம் என்றால் உண்மையில் எது? வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் வாங்கியது ஆக்‌ஷன் அட்வெஞ்சர். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது வெறும் அட்வெஞ்சர். பெயர் பாதி ஒன்றாக இருந்தாலும், விளையாடுகிறவரிடம் இரண்டும் கேட்கிற வேலை முற்றிலும் வேறு. கடைகள் இரண்டுக்கும் ஒரே சீட்டை ஒட்டிவிடுகின்றன. ஸ்டீமில் அந்தச் சீட்டு ஒட்டாத கேமைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நான் பார்க்கும் விஷயம் ஒன்றுதான். எல்லா கேமிலும் எங்கோ ஓர் இடத்தில் வழி அடைபட்டு நிற்போம். அந்த அடைப்பு எதனால் திறக்கிறது? சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் திறக்கிறது என்றால் அது ஆக்‌ஷன். நம் பாத்திரத்தின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தால் திறக்கிறது என்றால் ஆர்.பி.ஜி., அதாவது ரோல் பிளேயிங் கேம். நமக்கு ஏதோ ஒன்று புரிந்ததும் திறக்கிறது என்றால் அட்வெஞ்சர். கதை, பயணம், மர்மம், புதையல் எல்லாம் மூன்றிலுமே வரும். அட்டைப்படத்தில் பாழடைந்த கோயில் இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சந்தேகம் வந்தால் இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு கேமை முடித்தவர் அதையே முதலிலிருந்து ஆடுகிறார். எல்லா விடையும் தெரியும். அட்வெஞ்சராக இருந்தால் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார். ஆக்‌ஷனாக இருந்தால் விடை தெரிந்தும் ‘பாஸ்’ என்று சொல்லும் பெரிய எதிரியிடம் மறுபடி அடி வாங்கித்தான் ஜெயிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு மூலம் ஒரே ஒரு கேம். 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் கிரௌதர் என்ற புரோகிராமர் இருந்தார். குகைகளில் இறங்கி வரைபடம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. கென்டக்கியில் இருக்கும் மாமத் குகையின் ஒரு பகுதியை வைத்து, பிடிபி-10 கம்ப்யூட்டரில் ஒரு கேம் எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்துப் பெரிதாக்கினார். படம் என்று ஒன்றுமே கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைத் திரை எழுத்தில் சொல்லும். நீங்கள் ஒன்றிரண்டு சொல்லில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். அந்த கேமின் பெயரே ‘அட்வெஞ்சர்’. கொலோசல் கேவ் என்றும் சொல்வார்கள். அதைப் பார்த்து வந்த கேம்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அதில் ஓர் இடத்தைச் சொல்கிறேன், இந்த வகையின் குணம் அதிலேயே தெரிந்துவிடும். குகைக்குள் ஒரு மண்டபத்தில் பெரிய பச்சைப் பாம்பு வழியை மறித்துக் கிடக்கிறது. தாக்கினால் பலிக்காது. வேறோர் அறையில் ஒரு சின்னப் பறவை இருக்கிறது. பிடிக்கப் போனால் பயந்து விலகுகிறது, காரணம் உங்கள் கையில் இருக்கும் கோல். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டோடு போனால் பறவை அகப்படும். பாம்புக்கு எதிரே கொண்டுபோய்த் திறந்துவிட்டால், அந்தச் சின்னப் பறவை பாம்பை விரட்டி அடித்துவிடும். நீங்கள் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் பாம்பு அங்கேயே கிடக்கும். வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. (இடையில் குள்ளர்கள் வந்து கத்தி வீசுவார்கள் என்பது வேறு விஷயம். முதல் கேமே சுத்த சைவம் இல்லை.)

கிளை பிரிந்தது அடாரி என்ற கேம் கம்பெனியில். அங்கே வேலை பார்த்த வாரன் ராபினெட் அந்தக் குகை கேமை ஆடிவிட்டு, அதை வீட்டு டிவியில் ஓடும் அடாரி 2600க்குக் கொண்டுவர நினைத்தார். அதில் கீபோர்டு இல்லை, ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஒரே ஒரு பட்டனும்தான். டைப் செய்ய முடியாது என்றால் என்ன செய்வது? ஓடு, எடு, குத்து. டிராகன் துரத்தும், வாளால் கொல்ல வேண்டும். 1980இல் வந்த அந்த கேமுக்கும் பெயர் ‘அட்வெஞ்சர்’ தான். பிறகு 1986இல் ஜெல்டா, 1996இல் டூம் ரெய்டர் என்று அந்த வழியில் வந்தவற்றின் வாரிசுதான் நீங்கள் வாங்கியதும். அவை மட்டமானவை என்று சொல்லவில்லை, ஜெல்டாவில் புதிர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் புதிரை அவிழ்த்த பிறகும் வாளைச் சுழற்றியே ஆக வேண்டும்.

ஜப்பானில் இன்னொரு திருப்பம். 1983இல் யூஜி ஹோரி எழுதிய போர்டோபியா என்ற கொலைத் துப்பறிவு கேம், 1985இல் நின்டென்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்தபோது டைப் செய்வதற்குப் பதிலாக ‘விசாரி’, ‘தேடு’ மாதிரியான கட்டளைகளைத் திரையிலேயே பட்டியலாகக் காட்டியது. அங்கிருந்து வளர்ந்ததால், ஜப்பானில் அட்வெஞ்சர் என்றால் பெரும்பாலும் நிறைய வாசிக்க வைக்கும் கதை கேம்தான். உங்கள் அப்பாவுக்கு இது நல்ல செய்தி. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேற்கே, 1980இல் ராபர்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் மிஸ்டரி ஹவுஸ் மூலம் எழுத்தோடு படத்தைச் சேர்த்தார்கள். 1987இல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் உருவாக்கிய மேனியாக் மேன்ஷனில் டைப் செய்வதே போய்விட்டது. ‘திற’, ‘தள்ளு’, ‘கொடு’ என்ற வினைகள் திரையின் அடியில் இருக்கும், மவுஸால் சொடுக்கினால் போதும். பாயின்ட் அண்ட் கிளிக் என்று இன்றைக்கும் சொல்வது இந்த வகையைத்தான்.

அதன் உச்சம் என்று நான் நினைப்பது 1990இல் வந்த மங்கி ஐலண்ட். கடற்கொள்ளைக்காரன் கதை, அதனால் வாள்சண்டை இல்லாமல் முடியாது. ஆனால் அந்தச் சண்டையை வாயால் போட வைத்தார்கள். எதிராளி உங்களை ஒரு வாக்கியத்தில் கேவலப்படுத்துவான். அதற்குக் கச்சிதமான பதிலடி தெரிந்தால் நீங்கள் முன்னேறுவீர்கள், தெரியாவிட்டால் பின்வாங்குவீர்கள். பதிலடி எங்கே கிடைக்கும்? நீங்கள் கற்றுக்கொண்ட வசவுகளை வழியில் வருகிற கொள்ளைக்காரர்கள் மேல் எடுத்துவிட்டு, அவர்கள் என்ன திருப்பிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இப்படித் தோற்றும் ஜெயித்தும் ஒரு பட்டியல் சேரும். கடைசியில் வாள் வீராங்கனையிடம் போனால், அவள் திட்டுவது எல்லாமே புதுசு. உங்களிடம் இருக்கும் பழைய பதில்களில் எது இந்தப் புது வசவுக்குப் பொருந்தும் என்று அங்கேயே யோசிக்க வேண்டும். சண்டைக் காட்சியையே புரிதலின் சோதனையாக மாற்றியது இந்த இடம். அட்வெஞ்சர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இந்த வகையின் அசட்டுத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன், பழைய கேம் வாங்கி ஏமாறக் கூடாது. அதே 1990இல் வந்த கிங்ஸ் க்வெஸ்ட் 5இல் ஒரு பை வரும், பேக்கரியில் வாங்கும் பலகாரம். மலையில் பசி எடுக்கும்போது அதைத் தின்றுவிட்டால் தீர்ந்தது கதை. பிறகு ஒரு பனி மனிதன் எதிர்ப்படுவான், அவன் முகத்தில் வீச அந்தப் பைதான் வேண்டும். தின்றது தப்பு என்று அந்த நேரத்தில் கேம் ஒரு வார்த்தை சொல்லாது. 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3 இன்னும் மோசம். ஒருவரைப் போல வேஷம் போட்டு மோட்டார் பைக் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்காக ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அந்த வழியே துரத்தி, டேப்பில் சிக்கிய பூனை மயிரை மேப்பிள் பாகால் ஒட்டி மீசை செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆளுக்கு மீசையே கிடையாது. அதனால் அவர் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்று ஜோசியம் பார்க்கும் வேலைதான்.

இப்போது எல்லையில் நிற்பவை. கான் ஹோம், ஃபயர்வாட்ச் மாதிரி நடந்து பார்த்துக் கதையை உணரும் கேம்களை ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று கிண்டலாக ஆரம்பித்து, இப்போது வகைப் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். புதிர் குறைவு என்றாலும் அவை அட்வெஞ்சர் குடும்பம்தான். 2012இல் வந்த டெல்டேல் கம்பெனியின் வாக்கிங் டெட்டும் அப்படியே. ஆனால் அதில் முடிவெடுக்க நேரக்கெடு ஓடும், நடுவில் சட்டென்று பட்டன் தட்டச் சொல்லும். அப்பாவுக்கு வேண்டாம்.

2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் என் அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு. 22 நிமிஷத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலுக்குத் திரும்பிவிடும். பலம், ஆயுதம், பணம் எதுவும் சேராது. போன சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும்தான் உங்களோடு வரும். ஆனால் விண்கலத்தை ஓட்டி இறக்கக் கை நன்றாக வர வேண்டும். ஆகவே இந்த அளவுகோல் மட்டும் போதாது, கைக்கு எவ்வளவு வேலை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க எளிய வழி, பேச்சுக் குரல் இல்லாத ஒரு கேம்ப்ளே வீடியோவை யூட்யூபில் நடுவிலிருந்து ஐந்து நிமிஷம் ஓட விடுவது. டிரெய்லர் வேண்டாம், டிரெய்லரில் எல்லா கேமும் ஒரே மாதிரிதான் இருக்கும். திரையின் ஓரங்களைக் கவனியுங்கள். உயிர் அளவு காட்டும் பட்டையும் தோட்டா எண்ணிக்கையும் தெரிந்தால் விட்டுவிடலாம். சேகரித்த பொருள்களின் வரிசை, நோட்டுப் புத்தகம், பேச்சில் தேர்ந்தெடுக்கும் வாக்கியங்கள் இவை தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆடுகிறவர் எதுவும் செய்யாமல் சும்மா நிற்கிறாரா, அப்போது கேம் பொறுமையாகக் காத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீமில் தேடும்போது அட்வெஞ்சர் என்று மட்டும் தேடாமல் பாயின்ட் அண்ட் கிளிக், டிடெக்டிவ், விஷுவல் நாவல் (படத்தோடு வாசிக்கும் கதை) ஆகிய டேகுகளையும், அதாவது சீட்டுகளையும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? துப்பறியும் நாவல் பிரியர் என்பதால் முதலில் திம்பிள்வீட் பார்க். மேனியாக் மேன்ஷன் செய்த அதே கில்பர்ட்டும் வின்னிக்கும் 2017இல் கொண்டுவந்தது. சின்ன ஊரில் ஒரு பிணம், விசாரிக்க வரும் இரண்டு ஏஜென்ட்கள், அடியில் வினைகளின் பட்டியல். மவுஸ் ஒன்றே போதும். ஆரம்பத்தில் எளிய முறை, கடின முறை என்று கேட்கும், எளியதையே எடுக்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் கேமுக்குள்ளேயே டெலிபோனில் கூப்பிட்டுக் குறிப்பு கேட்கலாம்.

அது பிடித்துவிட்டால் ஏஸ் அட்டர்னி டிரிலஜி. நான் சொன்ன ஜப்பான் வழியில் வந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்வதை வரி வரியாக வாசித்து, எந்த வரி எந்தத் தடயத்தோடு முட்டுகிறது என்று கண்டுபிடித்து ஆட்சேபிக்க வேண்டும். ஆங்கிலம் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், அது அப்பாவுக்குச் சரிப்படுமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், 2018இல் லூகாஸ் போப் செய்தது, துப்பறிவில் இதை மிஞ்ச ஒன்று இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. 1807இல் ஆளில்லாமல் திரும்பி வரும் கப்பல். அதில் போன 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஆய்வாளராக நீங்கள் பதிவேட்டை நிரப்ப வேண்டும். தூங்கும் தொட்டிலில் மாட்டியிருக்கும் எண், ஒருவருடைய பேச்சு வழக்கு, போட்டிருக்கும் உடை, இவ்வளவுதான் தடயம். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் உறுதிப்படுத்தும், அதனால் குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. படம் முழுக்க இரண்டே நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், கேமராவை நாமே திருப்பி நடக்க வேண்டும். சிலருக்கு அது தலைசுற்றலைத் தரும். மூன்றாவதாக வாங்கச் சொல்வது அதனால்தான்.

அப்பா இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கினால் வெண்பாவைக் காட்டுங்கள். டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பாதி அழிந்துபோன சமையல் குறிப்புகளைப் பார்த்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்று யோசிப்பதுதான் புதிர். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். துப்பறிவு ஒன்றும் கிடையாது, ஆனால் வழி திறப்பது புரிதலால்தான். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார வாய்ப்பு உண்டு.

எதை வாங்கினாலும், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் நாளே அப்பாவை ஒரு மணி நேரம் ஆடவிட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் அரை மணிக்கு மேல் நின்றுவிட்டால் எல்லா விடையையும் வரிசையாகச் சொல்லும் முழு வாக்த்ரூவைத் திறந்து கொடுக்காதீர்கள். யூ.எச்.எஸ். (யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்) என்று ஒரு குறிப்புத் தளம் இருக்கிறது, 1988இலிருந்தே இருக்கும் முறை அது. ஒரு கேள்வியைச் சொடுக்கினால் முதலில் லேசான சாடை, அடுத்து கொஞ்சம் தெளிவாக, கடைசியில்தான் விடை. அதை புக்மார்க் செய்து வைத்துவிடுங்கள், சாடையோடு நிறுத்துவதா வேண்டாமா என்று அவரே பார்த்துக்கொள்வார்.