பெங்களூரிலிருந்து பழைய பியட்டை, சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறேன். டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

கேள்வியில் இருக்கும் விவரம்: எழுபதுகளின் கடைசியில் வந்த பிரீமியர் பத்மினி, 14 இன்ச் இரும்பு ரிம், ரேடியல் டயர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அமெச்சூர்களுக்கான பழைய கார் ஓட்டம். வீட்டுப் பக்கத்து பங்கில் நாலு டயருக்கும் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு கிளம்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கூட வருகிறார்.

போதாது. பெங்களூரில் அடித்த 28 அங்கே போனால் 28 ஆக இருக்காது. டயர் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே 13.2 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 14.7. இறங்கிப் போனாலே கேஜில் ஒன்றரை குறையும். விடிகாலை 22 டிகிரியில் 28 அடித்த டயர், மறுநாள் காலை 27 டிகிரியில் அங்கே 27 காட்டும். மதியம் நிழலில் 36 டிகிரி என்றால் 28-ஐத் தாண்டும். வெயில் பக்கம் நின்று டயர் 50 டிகிரிக்குச் சூடேறியிருந்தால் 30. ஒரே வண்டியில் நிழல் பக்க டயருக்கும் வெயில் பக்க டயருக்கும் இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் வருவது இதனால்தான். அங்கே போய், காலையில் வெயில் ஏறுமுன், நாலு டயரும் நிழலில் இருக்கும்போது காற்றைச் சரிசெய்யுங்கள். கேஜ் ஒன்றே ஒன்று, உங்களுடையது, இரண்டு நாளும் அதேதான். பங்க் கேஜும் உங்கள் கேஜும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தள்ளிக் காட்டுவது சாதாரணம். அதைவிட மோசம், பாதி நாள் ஒன்றும் மீதி நாள் இன்னொன்றும் பார்ப்பது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சூட்டுக்கு அதுவும் காற்று மாதிரியே விரியும். அதன் நன்மை ஈரம் இல்லாதது மட்டும்தான். கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும் கடையில் அடித்த காற்றில் ஈரம் போகும், அப்போது சூட்டில் பிரஷர் ஒழுங்கில்லாமல் ஏறும். தண்ணீரை வடித்துவிட்டு அடிக்கும் கடை கிடைத்தால் சாதாரணக் காற்றே போதும்.

இனி முக்கியமான விஷயம். காலையில் வைக்கும் எண் தொடக்கம் மட்டுமே. ஒரு செஷனில் (ஒரு முறை டிராக்கில் இறங்கி ஓடிவருவது) சூடேறி உள்ளே வந்த நிமிடம் டயரில் இருக்கும் பிரஷர்தான் டிராக்கில் உங்களைத் தாங்கியது, அதைத்தான் குறி வைக்க வேண்டும். பத்மினி 900 கிலோவைச் சுற்றிய வண்டி, முன்பாரம் அதிகம். சூட்டில் முன்னால் 32, பின்னால் 30 என்பது நல்ல ஆரம்பக் குறி. அதற்கு காலைக் குளிரில் 26, 25 வைத்துத் தொடங்குங்கள். டியூப் போட்ட டயரில் 22-க்குக் கீழே போகாதீர்கள். அங்கே டயர் ரிம்மின் மேல் நகரும், டியூப் வால்வு அடியில் வெட்டுப்படும். டயர் பக்கவாட்டிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவையுங்கள். செஷன் முடிந்ததும் கோடு விலகியிருந்தால் டயர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், காற்றை ஏற்ற வேண்டும். பழைய இரும்பு ரிம் பலவற்றில் டயர் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடு கிடையாது. டியூப் இல்லாமல் ஓட்டினால் வளைவில் காற்று மொத்தமாகப் போய்விடலாம், அதனால் டியூப் அவசியம். அது டயர் சைஸுக்கே சரியான டியூபாக இருக்கட்டும், உள்ளே ஒட்டியிருக்கும் காகித ஸ்டிக்கரை எல்லாம் உரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். சூட்டில் ஸ்டிக்கர் ஓரம் டியூபை அறுக்கும்.

ஓட்டும் முறை: முதல் இரண்டு சுற்று மெதுவாக, அடுத்து நாலு சுற்று முழு வேகம், பிறகு நேராக பிட்டுக்குள் (டிராக் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்). சுற்று 3.7 கிலோமீட்டர், வலஞ்சுழியாக ஓடுவது. வலது வளைவுகளின் பாரம் முழுக்க இடது பக்க டயர்களில் விழும், முதல் வளைவே வேகமான வலது வளைவு. இடது முன் டயரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், இரண்டு நிமிடத்துக்குள் நாலையும் அளந்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ அழுத்தி நின்றால் டிரம் கோணலாகும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டர் மேல் தோலின் சூட்டை மட்டும் காட்டும், அது பிட் லேனில் வரும்போதே ஆறிவிடும். ரப்பருக்குள் இரண்டு மில்லிமீட்டர் குத்தி அளக்கும் ஊசி முனை மீட்டர் வாங்குங்கள், அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடம். நடு மட்டும் இரண்டு ஓரத்தையும்விடச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடாக, நடு ஆறியிருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் வெளியைவிட 5 முதல் 10 டிகிரி கூட இருப்பது நல்லது. வெளி ஓரம்தான் அதிகச் சூடு என்றால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது) பற்றாது. பத்மினியில் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலைதான் வரும், வளைவில் வண்டி அவ்வளவு சாயும். சாலை ரேடியல் டயர் 70-லிருந்து 95 டிகிரிக்குள் நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டினால் ரப்பர் கொழகொழத்து, முழு டிரெட் இருக்கும் புது டயரில் கட்டி கட்டியாகப் பிய்ந்து வரும். அதனால் புத்தம்புது 8 மி.மீ. டயரைவிட 5 மி.மீ.க்குத் தேய்ந்த டயர் வெயிலில் நன்றாகத் தாங்கும்.

ஊசி மீட்டர் இல்லாவிட்டால் சாக்பீஸாவது கொண்டுபோங்கள். டயர் தோளிலிருந்து பக்கவாட்டு வரை மூன்று இடத்தில் கோடு கிழியுங்கள். செஷன் முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் படுத்திருக்கிறது. தோளோடு நின்றால் சரி, பக்கவாட்டில் இருக்கும் சின்ன முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருந்தால் ஒரு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள்.

மாற்றம் ஒன்றொன்றாக. முன்பக்கம் வளைவில் வெளியே தள்ளுகிறதா? முன் டயரில் நடு சூடாக இருந்தால் ஒரு பி.எஸ்.ஐ. இறக்குங்கள், ஓரங்கள் சூடாக இருந்தால் ஒன்று ஏற்றுங்கள். அளவைப் பார்க்காமல் இறக்கிக்கொண்டே போனால் இன்னும் மோசமாகும். பின்பக்கம் வழுக்கினாலும் இதே கணக்கு. சூட்டில் இறக்கிய காற்றை நோட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை டயர் குளிர்ந்து 23 காட்டும்போது ஏன் என்றே தெரியாது.

உங்கள் நண்பரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வேறு ஜாதி. அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் (நடுவில் மட்டும் மடங்கி, சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் அச்சு). வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியைத் தூக்கும். அதில் பின் டயருக்கு முன்னதைவிட நாலு முதல் ஆறு பி.எஸ்.ஐ. அதிகம் வையுங்கள், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பியட்டும் ஹெரால்டும் ஓடிய காலத்திலேயே தெரிந்த விஷயம் இது, 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்த பிறகும் இயற்பியல் மாறவில்லை.

கிளம்புமுன் பெங்களூரில் செய்ய வேண்டியவை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வருஷம் தாண்டியதை, டிரெட் எவ்வளவு இருந்தாலும், டிராக்கில் ஓட்டாதீர்கள். பழைய கார் கொஞ்சமாக ஓடுவதால் டயர் தேயுமுன்பே ரப்பர் கல்லாகிவிடும். ரேடியலையும் கிராஸ்பிளையையும் (உள் நூல் குறுக்கும் மறுக்குமாகப் போகும் பழைய வகை டயர்) கலக்கவே கூடாது, முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்பது மிக ஆபத்தான ஜோடி. ஒல்லியான பழைய ரிம்மில் 185 அகல டயரை ஏற்றினால் பக்கவாட்டு பிதுங்கி ஸ்டீயரிங் தாமதமாகும். 165/80-க்கு (அகலம் 165 மி.மீ., பக்க உயரம் அதில் 80 சதவீதம்) பதில் 165/70 போட்டால் டயர் விட்டம் 620-லிருந்து 587 மி.மீ. ஆகக் குறையும், ஒவ்வொரு கியரும் ஐந்து சதவீதம் குட்டையாகும். டிராக்குக்கு நல்லது, ஹைவேயில் இன்ஜின் கதறும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில். மேல் கீழ் ஆட்டம் பேரிங் அல்லது கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), பக்க ஆட்டம் மட்டும் என்றால் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி). இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது வீண். ரிம்மைக் கழற்றி, நட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கேம்பரை வீட்டிலேயே தூக்குக்குண்டு நூலால் அளக்கலாம். ரிம் வெளி விளிம்பு விட்டம் 390 மி.மீ. என்றால், மேலும் கீழும் 7 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. ரேடியலுக்கு ஒன்றரை டிகிரி நெகட்டிவ் வரை போகலாம், கிராஸ்பிளைக்குப் பூஜ்யத்தை ஒட்டியே வையுங்கள். டோ இன் (சக்கரங்களின் முன் ஓரம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) ஒரு மி.மீ. போதும். சக்கர நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, முதல் செஷன் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள்.

மழை வந்தால் டயர் சூடேறாது, காலைப் பிரஷர் அப்படியே நிற்கும். அதனால் தொடக்கத்திலேயே 30-க்கு ஏற்றிவிடுங்கள், டிரெட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வெளியே போகாதீர்கள்.

ஞாயிறு மாலை வண்டியை ஏற்றிவராமல் ஓட்டிக்கொண்டே திரும்புவதானால், டயர் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மேனுவலில் இருக்கும் சாலைப் பிரஷருக்கு ஏற்றுங்கள். சூட்டில் இறக்கிய டயரில் ஆம்பூர், கிருஷ்ணகிரி வழியாக 300 கிலோமீட்டர் ஓட்டினால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஓசூர் ஏறி பெங்களூர் வந்ததும் கேஜ் ஒன்றரை கூடக் காட்டும், அன்றிரவே இறக்காமல் மறுநாள் காலை குளிரில் பார்த்துக்கொள்ளுங்கள்.